ஒரு கேள்விக்கு இருபது நொடி

அதிகாரி: …அப்ப நீங்க இங்க, மூணாவது மாடியில, என் எதிர்ல உக்காந்திருக்கீங்க. சரியா?

அக்கா: உக்காந்திருக்கேன் சார். நாற்காலிக்கு ஒரு கால் ஆடுது. ஆனா உக்காந்திருக்கேன்.

அதிகாரி: கீழே பதிவு கவுண்டர்ல உங்க கம்ப்யூட்டர் இருக்கு. அதுல இந்த நிமிஷம் கீ அழுந்திக்கிட்டு இருக்கு. இதோ, என் லேப்டாப்ல தெரியுது பாருங்க. எழுபத்தஞ்சாவது பேரு… ஒய். எழுபத்தாறு… ஒய். இதை யாரு அழுத்தறாங்க?

அக்கா: நான் இல்ல.

அதிகாரி: அதைத்தானே மேடம் நானும் சொல்றேன்! நீங்க இல்ல. நீங்க எழுதி வெச்சிருக்கற, ஆள் இல்லாமயே கீ அழுத்தற ஸ்கிரிப்ட்.

அக்கா: படிச்சவங்க சொல்றீங்க. சொல்லுங்க.

அதிகாரி: மழுப்பாதீங்க. உங்க போன் மேசை மேலேயே இருக்கட்டும், தொடாதீங்க. பதினோரு மணி வரைக்கும் நீங்க இந்த ரூமை விட்டுப் போகக் கூடாது.

அக்கா: அவசரமா வந்தா?

அதிகாரி: என்ன அவசரம்?

அக்கா: ஐம்பது வயசுப் பொம்பளைக்கு என்ன அவசரம்னு கேக்கறீங்களே தம்பி…

அதிகாரி: சார்.

அக்கா: சார்.

அதிகாரி: ரெக்கார்டு பண்றேன். அதனால முதல்ல இருந்து ஒரு தடவை சொல்லிடறேன். தப்பு இருந்தா நிறுத்துங்க.

அக்கா: தப்பைப் பாத்தா நிறுத்தறதுதான் என் கெட்ட பழக்கமே.

அதிகாரி: நம்ம கண் ஆஸ்பத்திரியில, இலவசப் பிரிவுல, கண்புரை ஆபரேஷனுக்குக் காத்திருக்கறவங்க நூத்தி நாப்பது பேர்.

அக்கா: சரி.

அதிகாரி: வாராவாரம் புதன்கிழமை காலைல பத்துல இருந்து பதினொண்ணு வரை சரிபார்ப்பு. அந்தப் பழைய புரோகிராம்…

அக்கா: கறுப்புத் திரை.

அதிகாரி: …அந்தக் கறுப்புத் திரையில ஒவ்வொரு பேரா வரும். 'இவர் இன்னும் காத்திருக்கிறாரா?'ன்னு கேக்கும். நீங்க அவங்களுக்கு போன் போடணும். ஆமான்னு சொன்னா ஒய் அழுத்தணும்.

அக்கா: எத்தனை நொடிக்குள்ள?

அதிகாரி: இருபது.

அக்கா: கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார். ரெக்கார்டு பண்றீங்கல்ல.

அதிகாரி: இருபது நொடி!

அக்கா: அழுத்தலைன்னா?

அதிகாரி: பதில் வரலைன்னா 'இல்லை'ன்னு எடுத்துக்கும். பேரு பட்டியல்ல இருந்து போயிடும். வேணும்னா புதுச் சீட்டு போட்டு மறுபடி சேந்துக்கலாம்.

அக்கா: எங்க சேரறது? கடைசியில. கடைசின்னா எட்டு மாசம். சார், போன் மணி அடிக்க ஆரம்பிக்கறதுக்கே ஏழெட்டு நொடி ஆகுது. அவங்க போன் எங்க இருக்குன்னு தடவி, எந்தப் பட்டன்னு தடவி… கண்ணு தெரியாதவங்க சார்! அதுக்குத்தானே ஆபரேஷனே கேட்டிருக்காங்க!

அதிகாரி: நிஜமா காத்திருக்கறவங்க போனைக் கையிலயே வெச்சிருப்பாங்க.

அக்கா: உங்க அம்மா கண்ணு நல்லா இருக்கா சார்?

அதிகாரி: அது எதுக்கு இப்ப?

அக்கா: சும்மா கேட்டேன்.

அதிகாரி: நல்லா இருக்கு. கண்ணாடி கூடப் போடறதில்ல.

அக்கா: அவங்களுக்கு ஒரு போன் போடுங்க. இருபது நொடி. நான் எண்ணறேன்.

அதிகாரி: விசாரணையை நான் நடத்தறேன் மேடம்.

அக்கா: பயமா?

அதிகாரி: எனக்கென்ன பயம்? எங்க அம்மா முதல் மணியிலேயே எடுப்பாங்க. …இதோ. ஸ்பீக்கர்லயே போடறேன்.

அக்கா: ஒண்ணு… ரெண்டு… மூணு… 

அதிகாரி: மெதுவா எண்ணுங்க.

அக்கா: நொடி எல்லாம் மெதுவா வராது சார். ஒம்போது… பத்து… இப்பதான் மணியே அடிக்குது.

அதிகாரி: சமையலறையில இருப்பாங்க.

அக்கா: பதினாலு… பதினஞ்சு…

அதிகாரி: இருங்க, எடுத்துடுவாங்க…

அக்கா: பத்தொம்போது. இருபது. நீக்கிடவா உங்க அம்மாவை?

அதிகாரி: …விளையாட்டு போதும். எழுபத்தொம்போது. ஒய். இதுக்கு வாங்க. இந்த ஸ்கிரிப்டை எழுதினது நீங்கதானே?

அக்கா: ஆமா.

அதிகாரி: ஒத்துக்கறீங்களா?

அக்கா: எதுக்கு ஒத்துக்காம? ஏழு மாசம் ஞாயித்துக்கிழமை எல்லாம் உக்காந்து எழுதினேன். சும்மா இல்ல.

அதிகாரி: யாரு சொல்லிக் குடுத்தது?

அக்கா: அலமாரியில ஒரு பழைய கையேடு கிடந்துச்சு. அட்டையைக் காணோம். பாதிப் பக்கத்துல காபிக் கறை. மீதிப் பாதியைப் படிச்சேன்.

அதிகாரி: அதை வெச்சா?

அக்கா: அதுல என்ன சார் பெரிய வித்தை? 'திரையில இந்த வார்த்தை வர்ற வரைக்கும் காத்திரு. வந்ததும் இந்தக் கீயை அழுத்து.' அவ்ளோதான் விஷயம். அந்தக் 'காத்திரு'ன்னு சொல்ற வரிதான் எனக்குப் புரிய நாளாச்சு. முதல்ல எழுதினேன் பாருங்க, அது சரியான அவசரக்குடுக்கை. திரை கேக்கறதுக்கு முன்னாடியே எல்லா ஒய்யையும் கொட்டித் தீத்துடுச்சு. நடுவுல சில பேருக்கு 'ஊர் பெயரைத் தருக'ன்னு கேக்கும்ல? அங்க போய் அத்தனையும் விழுந்துச்சு. பதினொரு பேருக்கு ஊரு 'ஒய் ஒய் ஒய் ஒய்'னு ஆயிடுச்சு.

அதிகாரி: அது நீங்களா! தபால் எல்லாம் திரும்பி வந்துச்சே! ஒரு மாசம் நாங்க மண்டையைப் பிச்சுக்கிட்டோம்!

அக்கா: பதினொண்ணையும் நான்தான் ஒவ்வொண்ணா உக்காந்து திருத்தினேன். அப்புறம்தான் புத்தி வந்துச்சு. யாரா இருந்தாலும் கேள்வியை முழுசா கேட்டுட்டு பதில் சொல்லணும். அதுக்கப்புறம் ஆளு பக்காவா ஆயிட்டான். கொழுந்தன்னு பேரு வெச்சேன்.

அதிகாரி: ஸ்கிரிப்டுக்கா?

அக்கா: வீட்டுல இருக்கற கொழுந்தன் சொன்ன வேலையைச் செய்யமாட்டான். இவனாவது செய்யட்டுமேன்னு.

அதிகாரி: சிரிக்க வைக்காதீங்க மேடம். இது சீரியஸ்.

அக்கா: நீங்க சிரிச்சதும் ரெக்கார்டு ஆயிருக்கும்.

அதிகாரி: எப்படி மாட்டினீங்கன்னு தெரியுமா?

அக்கா: தெரியும். தீ ஒத்திகை.

அதிகாரி: போன மாசம் புதன்கிழமை. சைரன் அடிச்சாச்சு. மொத்த ஆஸ்பத்திரியும் வாசல்ல நின்னு தலை எண்ணினாங்க. பதிவு கவுண்டர்னு கூப்பிட்டப்ப நீங்க கையைத் தூக்கியிருக்கீங்க. பத்து பதினெட்டுல இருந்து பத்து முப்பத்தொண்ணு வரை கட்டடத்துல ஒரு ஈ காக்கா இல்ல. அந்தப் பதிமூணு நிமிஷத்துல உங்க கம்ப்யூட்டர் நாப்பத்தாறு பேருக்கு ஒய் அழுத்தியிருக்கு!

அக்கா: எல்லாத்துக்கும் ஒரு வரி எழுதினேன் சார். நடுவுல இருமலுக்கு நிறுத்து, தண்ணி குடிக்க நிறுத்து, முப்பது பேருக்கு ஒரு தடவை தப்பா அழுத்தித் திருத்து… தீப்பிடிச்சா நிறுத்துன்னு ஒரு வரி எழுத மறந்துட்டேன்.

அதிகாரி: அதான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சதே. தொழில்காரனா சொல்றேன், பிரமாதம். இன்னிக்கு ஓடறதையே பாருங்க. ஒரு பேருக்கு ஆறு நொடி. அடுத்ததுக்குப் பதினெட்டு. பதினெட்டு! ரெண்டு நொடிதான் மிச்சம். எவ்ளோ தைரியம் இருந்தா அப்படி எழுதுவீங்க! தப்பா அழுத்தறது கூட எல்லாம் ஒய்க்குப் பக்கத்துல இருக்கற எழுத்துதான். டி, யூ, ஹெச்… போன மாசத்துல இவ்ளோ நுணுக்கம் இல்லையே?

அக்கா: …இன்னிக்கு எத்தனை பேருக்குத் தப்பா விழுந்திருக்கு?

அதிகாரி: ஏன், உங்களுக்கே தெரியாதா? ஏறக்குறைய பாதிப் பேருக்கு. கொஞ்சம் மிகையா பண்ணிட்டீங்க. மெதுவாவும் இருக்கு.

அக்கா: வயசாயிடுச்சு சார்.

அதிகாரி: ஸ்கிரிப்டுக்கா? …யாரது? கதவைத் தட்டாம வரக் கூடாது!

நர்ஸ்: தட்டினேன் சார், கேக்கல போல. அக்கா, நாற்காலி பத்தலக்கா. இங்க காலியா இருக்கறதை எடுத்துக்கட்டுமா?

அக்கா: எடுத்துக்கோம்மா. இந்த நாலையும் எடு. ஓரத்துல இருக்கற பெஞ்சையும் ஆளைக் கூப்பிட்டு எடுத்துட்டுப் போ.

அதிகாரி: கீழே என்ன அவ்ளோ கூட்டம்?

நர்ஸ்: ஆஸ்பத்திரி சார். கூட்டம் இல்லாம?

அதிகாரி: நான் பின்பக்க லிப்டுல வந்தேன், ஒருத்தரையும் பாக்கலையே.

நர்ஸ்: பின்பக்கம் பெரியவங்க வர்ற வழி சார். …அக்கா, நீங்க சாப்டீங்களா?

அக்கா: அப்புறம் சாப்பிடறேன். நீ போ, போ. 

அதிகாரி: கதவைச் சாத்திட்டுப் போம்மா! …சரி. விஷயத்துக்கு வரேன். இதுல ஒரு கையெழுத்து வேணும்.

அக்கா: என்ன காகிதம்?

அதிகாரி: படிச்சுப் பாருங்க. நாலாவது விதிப்படி நோயாளி தானே உறுதி செய்யணும். நீங்க அதை மீறி, ஒரு ஸ்கிரிப்டை வெச்சு எல்லாருக்கும் ஒய் அழுத்தியிருக்கீங்க. அதனால நீங்க உறுதி செஞ்ச பேரு எதுவும் செல்லாது.

அக்கா: எதுவும் செல்லாதுன்னா?

அதிகாரி: பட்டியல் காலி. எல்லாரும் புதுசா பதிவு பண்ணிக்கணும்.

அக்கா: நூத்தி நாப்பது பேரும்?

அதிகாரி: ஆமா.

அக்கா: எட்டு மாசம், ஒம்போது மாசம் காத்துக்கிட்டு இருக்கறவங்க. அடுத்த வாரம் தேதி குடுத்தவங்க கூட இருக்காங்க அதுல.

அதிகாரி: மேடம், பன்னெண்டு மணிக்கு நிர்வாகக் குழு வருது. மத்த எல்லா ஆஸ்பத்திரியிலயும் இந்தச் சரிபார்ப்பு வந்ததுல இருந்து பட்டியல் பாதியா குறைஞ்சிடுச்சு. நம்மகிட்ட மட்டும் ஒரு பேரு குறையல. ஏன்னு கேட்டாங்க. நான் தேடினேன். நீங்க கிடைச்சீங்க.

அக்கா: மத்த ஊருல பாதிப் பேருக்குக் கண்ணு தெரிஞ்சுடுச்சா?

அதிகாரி: …என்னை ஏன் கேக்கறீங்க.

அக்கா: பட்டியல் குறைஞ்சுதுன்னீங்களே. ஆபரேஷன் பண்ணிக் குறைஞ்சுதா, இருபது நொடியில குறைஞ்சுதா?

அதிகாரி: கையெழுத்துப் போடுங்க. வேலை போகாது. நான் பேசிட்டேன். வேற பிரிவுக்கு மாத்துவாங்க, அவ்ளோதான்.

அக்கா: போட மாட்டேன்.

அதிகாரி: இப்பதானே எல்லாத்தையும் ஒத்துக்கிட்டீங்க!

அக்கா: நான் எழுதினதை ஒத்துக்கிட்டேன். அது தப்புன்னு ஒத்துக்கல. ரெண்டும் வேற வேற. அந்தத் திரை பொய்யா ஒரு கேள்வி கேட்டுச்சு, நான் பொய்யா ஒரு விரல் வெச்சேன். என்னை வேலையை விட்டு அனுப்பணுமா, அனுப்புங்க. அந்தக் கடிதத்துல கையெழுத்து வேணும்னா அதை மட்டும் குடுங்க, சிரிச்சுக்கிட்டே போடறேன். அவங்க பேரை அழிக்கறதுக்கு என் பேனா வராது.

அதிகாரி: பிடிவாதம் பிடிக்காதீங்க மேடம்… இருங்க. போன். அம்மா… அம்மா, நான் வேலையில இருக்கேன். ஆமா, நான்தான் பண்ணினேன். ஒண்ணும் இல்லம்மா. சும்மாதான். …ஒண்ணும் ஆகல, நல்லா இருக்கேன். …சரிம்மா. வைக்கறேன்.

அக்கா: என்ன சொன்னாங்க?

அதிகாரி: …மாடியில துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தாங்களாம்.

அக்கா: ம்.

அதிகாரி: அந்த 'ம்' வேண்டாம். தொண்ணூத்தஞ்சு… ஒய். தொண்ணூத்தாறு… என்னது, நிக்குது. பதினேழு… பதினெட்டு… அட! விட்டுடுச்சு. 'இல்லை'ன்னு போட்டு நீக்கிடுச்சு. உங்க ஸ்கிரிப்டுல கோளாறு மேடம்.

அக்கா: எத்தனாவது?

அதிகாரி: தொண்ணூத்தாறு.

அக்கா: …தையல்காரர்.

அதிகாரி: பேரை வாசிக்கட்டுமா?

அக்கா: வேண்டாம், எனக்கு மனப்பாடம். தொண்ணூத்தாறு தையல்காரர். ரெண்டு கண்ணும் புரை. ஊசியில நூல் கோக்க முடியாம ஒரு வருஷமா மெஷினை மூடி வெச்சிருக்கார். ரெண்டு பஸ் மாறணும் அவரு… ஐயோ, என்ன ஆச்சோ தெரியலையே.

அதிகாரி: என்ன ஆகும்? கோளாறு, அவ்ளோதான். ஒரு பேரு போனதுக்கே இப்படிப் பதறறீங்களே.

அக்கா: ஒரு பேரு இல்ல சார். ஒரு ஆளு. …அடுத்தது என்ன ஆச்சு? தொண்ணூத்தேழு?

அதிகாரி: ஒய். தொண்ணூத்தெட்டு, ஒய். மறுபடி ஓட ஆரம்பிச்சிடுச்சு. மூச்சு விடுங்க.

அக்கா: விடறேன்.

அதிகாரி: மேடம்… நான் ஒண்ணு சொல்லட்டுமா? உங்க கையெழுத்து இல்லாமயே இது முடிஞ்சிடும்.

அக்கா: எப்படி?

அதிகாரி: கையெழுத்துப் போட்டா உங்களுக்குக் கொஞ்சம் மரியாதையா முடியும்னுதான் கேட்டேன்.

அக்கா: எப்படின்னு கேட்டேன்.

அதிகாரி: நேத்து சாயங்காலம் அந்தப் பழைய புரோகிராம்ல ஒரு வேலை பண்ணினேன். நூத்தி நாப்பது பேரும் முடிஞ்சதும் கடைசியா இன்னொரு கேள்வி வரும். புதுசு.

அக்கா: என்ன கேள்வி?

அதிகாரி: 'இப்பட்டியலில் உள்ள அனைவரையும் நீக்கலாமா?'

அக்கா: அதுக்கும் ஒய் விழும்னு எப்படித் தெரியும்?

அதிகாரி: போன வாரமே உங்க ஸ்கிரிப்டை முழுசா படிச்சேன் மேடம். ஒவ்வொரு வரியா. தெரியாத கேள்வி ஏதாவது வந்தா மாட்டிக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க. 'வேறு எது கேட்டாலும் ஒய்.' அந்த ஒரு வரி போதும்.

அக்கா: அடப்பாவி.

அதிகாரி: ரெக்கார்டு ஆகுது.

அக்கா: ஆகட்டும். அடப்பாவி! ஏன், உங்களுக்கு நீக்கணும்னா நீங்களே நீக்க வேண்டியதுதானே?

அதிகாரி: நாங்க நீக்கினா யாரு நீக்கச் சொன்னதுன்னு கேள்வி வரும். பதிவு கவுண்டர்ல இருந்து ஒய் விழுந்தா ஒரு கேள்வியும் வராது. பதிவு எழுத்தர் உறுதி செய்தார். முடிஞ்சுது.

அக்கா: இது உங்க யோசனையா?

அதிகாரி: …மேல இருந்து வந்தது.

அக்கா: மேல இருந்து உத்தரவு வரும். இந்த மாதிரி நெளிவு சுளிவு எல்லாம் வராது. இது வேலை தெரிஞ்சவன் பண்ணினது.

அதிகாரி: சரி, என் யோசனைதான். போதுமா?

அக்கா: கீழே போய்ட்டு வரேன். ரெண்டே நிமிஷம்.

அதிகாரி: உக்காருங்க.

அக்கா: வழியை விடுங்க தம்பி.

அதிகாரி: உக்காருங்க மேடம்! நீங்க கீழே போய் ஸ்கிரிப்டை நிறுத்தினா மிச்சம் இருக்கற எல்லாருக்கும் பதில் போகாது. அவங்களும் அவுட். நிறுத்தினாலும் போச்சு, விட்டாலும் போச்சு. ஒரே வழி இருக்கு. நீங்க இப்ப கையெழுத்துப் போடுங்க, அந்தக் கடைசிக் கேள்வியை நான் இங்க இருந்தே எடுத்துடறேன். பட்டியல் செல்லாதுதான், ஆனா அடுத்த வாரம் தேதி குடுத்திருக்கற பத்து பேரை மட்டும் எப்படியாவது உள்ள சேத்துக்கறேன். சத்தியமா.

அக்கா: பத்து பேர்.

அதிகாரி: பத்து பேராவது.

அக்கா: மிச்சம் இருக்கறவங்ககிட்ட என்ன சொல்லட்டும்? ஒரு காகிதத்துக்காக உங்களை வித்துட்டேன்னா?

நர்ஸ்: அக்கா… மன்னிச்சுக்கோங்க சார். இன்னும் ரெண்டு நாற்காலி வேணும்.

அதிகாரி: மறுபடியுமா? நீங்க ரெண்டு பேரும் பேசக் கூடாது. எடுத்துட்டுக் கிளம்பும்மா.

நர்ஸ்: அக்கா, ஏன் முகம் இப்படி இருக்கு?

அக்கா: ஒண்ணும் இல்ல. காலைல நான் சொன்னேன்ல?

நர்ஸ்: சொன்னீங்க.

அக்கா: சொன்னது சொன்னபடி இருக்கட்டும். ஒரு இம்மி கூட மாறக் கூடாது. எல்லார்கிட்டயும் இன்னொரு தடவை சொல்லிடு.

அதிகாரி: என்ன சொன்னீங்க காலைல?

நர்ஸ்: வரிசை கலையக் கூடாதுன்னு சார்.

அதிகாரி: …போம்மா. இங்க இருக்கற நாற்காலியை எல்லாம் எடுத்துட்டுப் போ. வேணும்னா என்னுதையும் எடுத்துட்டுப் போ!

நர்ஸ்: தேங்க்ஸ் சார். எழுந்திரிங்க.

அதிகாரி: ஒரு பேச்சுக்குச் சொன்னேன்! …கொண்டே போயிட்டா! என்ன ஆஸ்பத்திரி இது!

அக்கா: என் ஆடற நாற்காலியும் போச்சு, ஓரத்துல இருந்த பெஞ்சு முன்னாடியே போச்சு. நில்லுங்க சார். கீழே எல்லாரும் நிக்கறாங்க, நீங்களும் கொஞ்சம் நில்லுங்க.

அதிகாரி: மணி பத்து நாப்பத்தொண்ணு. நூத்தி இருபத்தஞ்சு பேர் முடிஞ்சாச்சு. இன்னும் அஞ்சு நிமிஷம்தான் மேடம். யோசிச்சுட்டீங்களா?

அக்கா: ஒரு சந்தேகம். அந்தக் கடைசிக் கேள்விக்கும் இருபது நொடிதானா?

அதிகாரி: எல்லாக் கேள்விக்கும் அதே இருபதுதான். அது அடியிலயே இருக்கற கணக்கு, என்னால மாத்த முடியல.

அக்கா: பதில் வரலைன்னா?

அதிகாரி: 'இல்லை'ன்னு எடுத்துக்கும். ஆனா வராம எங்க போகும்? 'வேறு எது கேட்டாலும் ஒய்.' உங்க வரி மேடம், உங்க வரி.

அக்கா: என் வரிதான்.

அதிகாரி: பேனா இதோ.

அக்கா: எனக்குப் பயமா இருக்கு தம்பி. வெக்கப்படாம சொல்றேன். ஆனா அந்தப் பேனாவைத் தொட மாட்டேன்.

அதிகாரி: உங்க வீம்புக்கு நூத்தி முப்பத்தொம்போது பேர் பலி.

அக்கா: பலி குடுக்கறது யாரு, கை காட்டறது யாரை! அந்தக் கேள்வியை எழுதினது உங்க விரல். எதுக்கு எழுதினோம்னு ராத்திரி படுக்கறப்ப உங்களை நீங்களே கேட்டுக்கோங்க. அதுக்கு இருபது நொடி கணக்கெல்லாம் இல்ல, ஆற அமர பதில் சொல்லலாம்.

அதிகாரி: …நூத்தி முப்பத்தி நாலு. ஒய்.

அக்கா: முப்பத்தி நாலு பஸ் கண்டக்டரா இருந்தவர். சில்லறையைத் தடவியே சொல்லிடுவார்.

அதிகாரி: முப்பத்தஞ்சு. …டி. …யூ. …ஒய்.

அக்கா: முப்பத்தஞ்சுக்குக் கை உதறும். பரவாயில்ல, அழுத்திட்டாங்க.

அதிகாரி: அழுத்திட்டாங்களா?

அக்கா: …அழுத்திடுச்சு.

அதிகாரி: உங்களுக்கு ரொம்பத்தான் ஒட்டுதல் ஆயிடுச்சு இந்த ஸ்கிரிப்டு மேல. …முப்பத்தெட்டு, ஒய். முப்பத்தொம்போது, ஒய். நூத்தி நாப்பது… பதினஞ்சு நொடி… பதினாறு… ஒய். அவ்ளோதான். எல்லாரும் முடிஞ்சாச்சு. கடைசித் தடவை கேக்கறேன். கையெழுத்து?

அக்கா: மாட்டேன்.

அதிகாரி: வந்துடுச்சு மேடம். 'இப்பட்டியலில் உள்ள அனைவரையும் நீக்கலாமா?' இப்பக்கூட எடுத்துடலாம். ஒரு வார்த்தை சொல்லுங்க.

அக்கா: எண்ணுங்க.

அதிகாரி: உங்களுக்கு நிஜமாவே நெஞ்சழுத்தம் மேடம். மூணு… நாலு… 

அக்கா: சத்தமா எண்ணுங்க சார். ரெக்கார்டு ஆகட்டும்.

அதிகாரி: எட்டு… ஒம்போது… இவ்ளோ நேரம் எடுக்காதே. தெரியாத கேள்விக்கு மூணாவது நொடியில அழுத்தணும்னுதானே எழுதியிருந்தீங்க?

அக்கா: ஆமா, மூணாவது நொடி.

அதிகாரி: பன்னெண்டு… பதிமூணு… ஏன் அழுத்தல?

அக்கா: எண்ணுங்க.

அதிகாரி: பதினாறு… என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? பதினேழு… பதினெட்டு…

அக்கா: பத்தொம்போது.

அதிகாரி: …'பதில் இல்லை. யாரும் நீக்கப்படவில்லை. அடுத்த சரிபார்ப்பு புதன்.' மூடிக்கிச்சு. பத்து நாப்பத்தெட்டு. இனி அடுத்த வாரம் வரைக்கும் தொட முடியாது. நூத்தி முப்பத்தொம்போது பேரும்… அப்படியே இருக்காங்க.

அக்கா: அப்பாடா. …அப்பாடா. இருங்க, கண்ணைத் தொடைச்சுக்கறேன்.

அதிகாரி: எப்படி? உங்க ஸ்கிரிப்ட் ஏன் அழுத்தல? ராத்திரி வந்து அந்த வரியை மாத்தினீங்களா?

அக்கா: மாத்தல. அழிச்சுட்டேன். முழுசா. வெள்ளிக்கிழமையே.

அதிகாரி: எதை?

அக்கா: கொழுந்தனைத்தான். வெள்ளிக்கிழமை உங்க கடிதம் வந்துச்சுல்ல? 'புதன்கிழமை பத்துல இருந்து பதினொண்ணு வரை மூணாவது மாடிக்கு வரவும்.' சரிபார்ப்பு நேரத்துல பாத்து என்னை மேல கூப்பிட்டா எதுக்குன்னு புரியாதா? அன்னிக்கே அழிச்சுட்டு, போனைக் கையில எடுத்தேன். நாலு நாள் பேசினேன். தொண்டை கட்டிடுச்சு.

அதிகாரி: யார்கிட்ட பேசினீங்க? இருங்க… ஸ்கிரிப்டே இல்லன்னா, இந்த ஒரு மணி நேரமா கீழே உக்காந்து தட்டினது யாரு?

அக்கா: ஒண்ணு ஒண்ணா நீங்கதானே எண்ணினீங்க சார். அவங்கதான். தையல்காரரைத் தவிர எல்லாரும் வந்துட்டாங்க. ஏழு மணியில இருந்து கவுண்டர் முன்னாடி வரிசையா நிக்கறாங்க, தோள் மேல தோளா கையை வெச்சுக்கிட்டு. ஒய் கீ மேல ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி வெச்சேன். திரையில வர்ற பேரை நர்ஸுங்க வாசிக்கறாங்க, தடவிப் பாத்து, அவங்கவங்க பேருக்கு அவங்கவங்களே அழுத்தறாங்க. நாலாவது விதி, நோயாளி தானே உறுதி செய்யணும். 'உங்க பேரை வாசிச்சா மட்டும் அழுத்துங்க, வேற எதுக்கும் கை வைக்காதீங்க'ன்னு காலைல சொல்லிட்டு வந்தேன். உங்க கடைசிக் கேள்வியில யாரு பேரும் இல்ல. கீழே வாங்க தம்பி, இன்னும் ஒருத்தரும் வீட்டுக்குப் போகல. நீக்கலாமான்னு நீங்களே அவங்க முன்னாடி நின்னு கேளுங்க.